பழகாத கை

சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கதிர்வீச்சுச் சிகிச்சை மையத்தில் 1980களில் தெராக்-20 என்றொரு இயந்திரம் இருந்தது. புற்றுநோயாளிகளுக்குக் கதிர்வீச்சு கொடுக்கும் இயந்திரம். அந்தத் தொழிலைப் படிக்க வரும் மாணவர்களும் அதில்தான் பயிற்சி எடுத்தார்கள். அதற்கு ஒரு விசித்திரமான குணம் இருந்தது. புது வகுப்பு வந்து உட்கார்ந்ததும் ஃபியூஸ் போகும், பிரேக்கர் விழும், இயந்திரம் நின்றுவிடும். வாரத்தில் மூன்று தடவைகூட அப்படி ஆனதுண்டு. பிறகு மாதக்கணக்கில் ஒரு தொந்தரவும் இருக்காது. அடுத்த வகுப்பு வந்ததும் மறுபடி ஃபியூஸ். இயந்திரம் வாங்கிய காலத்திலிருந்தே இதே கதை.

அதே ஆண்டுகளில் அதன் அடுத்த வடிவமான தெராக்-25 அமெரிக்காவிலும் கனடாவிலும் நோயாளிகளைப் பொசுக்கிக்கொண்டிருந்தது. 1985 ஜூனுக்கும் 1987 ஜனவரிக்கும் இடையில் ஆறு பேர் அளவுக்கு மீறிய கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். சிலர் அதனாலேயே இறந்தார்கள். டெக்சாஸ் மாநிலத்து டைலர் நகரில் 1986 மார்ச்சில் ஒருவர், மூன்று வாரத்தில் இன்னொருவர். இரண்டாவது விபத்துக்குப் பிறகு அந்த மருத்துவமனையின் இயற்பியலாளரும் இயந்திரத்தை இயக்கிய பெண்ணும் திரை முன்னால் உட்கார்ந்தார்கள். அன்று எந்த விசையை எந்த வரிசையில் தட்டினோம் என்று யோசித்து யோசித்து, திரும்பத் திரும்பத் தட்டி, பிழையைத் தாங்களே வரவழைத்தார்கள். சிகிச்சை வகையைக் குறிக்கும் இடத்தில் ‘இ’ என்ற ஆங்கில எழுத்துக்குப் பதிலாக ‘எக்ஸ்’ அடித்துவிட்டு, மேலே போய் அதைத் திருத்திவிட்டு, எட்டு நொடிக்குள் கீழே வந்துவிட்டால் இயந்திரம் அந்தத் திருத்தத்தை முழுசாக வாங்கிக்கொள்ளவில்லை. திரையில் ஒன்று இருக்கும், உள்ளே வேறொன்று நடக்கும்.

தயாரித்த நிறுவனத்துப் பொறியாளருக்கு இந்தப் பிழை முதலில் வரவே இல்லை. வேகமாகத் தட்ட வேண்டும் என்று டைலரிலிருந்து சொன்ன பிறகுதான் அவருக்கும் வந்தது. அவர் நிதானமாக, ஒழுங்காகத் தட்டிப் பார்த்திருக்கிறார்.

இந்தச் செய்தி சிகாகோவுக்கு எட்டியது. நம்முடைய பழைய இயந்திரத்திலும் இது உண்டா என்று அங்கிருந்தவர்கள் பார்த்தார்கள், கிடைக்கவில்லை. இரண்டு மாதம் கழித்துத்தான் மையத்தின் இயற்பியலாளர் ஒருவருக்குப் பொறி தட்டியது. புது மாணவர்கள் விதவிதமாகத் தப்பு செய்கிறார்கள். செய்த தப்பை, அனுபவஸ்தர் யாரும் நினைத்துக்கூடப் பார்க்காத வழிகளிலெல்லாம் திருத்துகிறார்கள். அந்தத் திருத்தங்களில் குறிப்பிட்ட சில வரிசைகள் வரும்போதுதான் ஃபியூஸ் போகிறது. அதே மென்பொருள் பிழை. பழைய இயந்திரத்தில் மென்பொருளை நம்பாமல் தனியாக வன்பொருள் தடுப்பு வைத்திருந்ததால் போனது ஃபியூஸ் மட்டும். புதியதில் அந்தத் தடுப்புகளை எடுத்துவிட்டு மென்பொருளிடம் பொறுப்பைக் கொடுத்திருந்தார்கள்.

நான்சி லெவிசனும் கிளார்க் டர்னரும் 1993இல் எழுதிய விசாரணைக் கட்டுரையில் இதெல்லாம் விரிவாக இருக்கிறது. மென்பொருள் சோதனை பற்றிய பாடப்புத்தகங்களில் தெராக்-25 இல்லாமல் இருப்பது அபூர்வம். ஆனால் அதை ஒரு பேரழிவுக் கதையாகச் சொல்லி, ஆகவே நன்றாகச் சோதியுங்கள் என்று முடித்துவிடுவார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது கைகள்தான். டைலரில் பிழையை வெளியே கொண்டுவந்தது நன்றாகப் பழகிய கை. சிகாகோவில் கொண்டுவந்தது கொஞ்சமும் பழகாத கை. தயாரித்தவரின் கவனமான கைக்கு அது அகப்படவில்லை.

சிகாகோ மாணவர்களுக்குத் தாங்கள் சோதனை செய்வது தெரியாது. ஃபியூஸ் போனதும் வெட்கப்பட்டிருப்பார்கள், அவ்வளவுதான். வெட்கப்பட வேண்டியது தாங்கள் அல்ல என்று அவர்களுக்குச் சொல்லவும், போன ஃபியூஸுக்கு முன்னால் விரல் எங்கெங்கே போனது என்று கேட்கவும் ஒரு ஆள் வேண்டியிருந்தது. சோதனையைக் கற்பிப்பது என்றால் எனக்குத் தெரிந்து இதுதான்: மாணவரிடம் ஏற்கெனவே இருக்கிற பழகாத கையை வீணாக்காமல், அது செய்ததைக் கவனிக்கும் கண்ணை அவருக்கே கொடுப்பது. இதற்கு நிஜமான இயந்திரம் வேண்டும். படம் வரைந்த இயந்திரத்தில் ஃபியூஸ் போகாது.

நம் பொறியியல் கல்லூரிகளில் படம் வரைந்த இயந்திரம்தான் வழக்கம். ‘ஏடிஎம் இயந்திரத்துக்கு டெஸ்ட் கேஸ் எழுதுக.’ ‘நூலக மேலாண்மை அமைப்புக்கு டெஸ்ட் கேஸ் எழுதுக.’ ரெக்கார்ட் நோட்டில் கோடு போட்டு, வரிசை எண், உள்ளீடு, எதிர்பார்த்த விளைவு, கிடைத்த விளைவு, பாஸ் அல்லது ஃபெயில் என்று கட்டம் கட்டுவார்கள். சில ஆண்டுகளாக இந்தப் பாடத்தை எடுப்பவன் என்ற முறையில் அப்படிப்பட்ட நோட்டுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். ஏடிஎம் எதுவும் அங்கே கிடையாது. ஆனால் ‘கிடைத்த விளைவு’ என்ற கட்டம் காலியாக இருக்காது. இல்லாத இயந்திரத்தில் போட்ட இல்லாத கார்டுக்கு இல்லாத பணம் சரியாக வந்ததாக, மேலிருந்து கீழ்வரை ‘பாஸ்’ என்று எழுதி, ஆசிரியரின் பச்சை மையும் வாங்கியிருப்பார்கள். சோதனையால் பிழை இருப்பதைக் காட்ட முடியும், இல்லை என்பதைக் காட்ட முடியாது என்று கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா 1969இலேயே சொல்லிவிட்டார். நம் நோட்டுகள் இன்னமும் இல்லாததையே காட்டிக்கொண்டிருக்கின்றன.

மாணவர்களைக் குறை சொல்ல மாட்டேன். முதல் வகுப்பிலிருந்து அவர்கள் கற்றது விடையைச் சரியாக எழுதுவதை. லேபில் அவர்கள் ஆசிரியரிடம் ஓடிவந்து சொல்லும் சந்தோஷச் செய்தி, “அவுட்புட் வந்துடுச்சு சார்.” அவுட்புட் வராவிட்டால் பக்கத்து மேசையிலிருந்து வாங்கிக்கொள்வார்கள். அப்படி வளர்ந்த ஒருவரை மூன்றாம் ஆண்டில் திடீரென்று கூப்பிட்டு, அவுட்புட் வராததற்குச் சந்தோஷப்படு என்றால் எப்படி முடியும்? கணினியியல் பேராசிரியர் டொனால்ட் க்னூத் தன் புத்தகங்களில் பிழை கண்டுபிடித்தவர்களுக்கு 2.56 டாலர் காசோலை அனுப்பிவந்தார். வாங்கியவர்களில் பலர் அதை வங்கியில் போடவில்லை; சட்டம் போட்டு மாட்டினார்கள். ஆசிரியரின் பிழையைச் சுட்டியதற்கு ஆசிரியரே கையெழுத்திட்டுக் கொடுத்த சான்று அது. நம்மிடம் அப்படி ஒரு வழக்கம் இருந்தால் எத்தனை பேராசிரியர்களின் சேமிப்பு கரைந்திருக்கும் என்று கணக்குப் பார்த்துச் சிரித்துக்கொள்வேன்.

படம் வரைந்த பயிற்சிகளில் நல்லதும் உண்டு. கிளன்ஃபோர்ட் மையர்ஸ் 1979இல் எழுதிய சோதனைக் கலை பற்றிய புத்தகம் ஒரு சின்னப் புதிரோடு தொடங்குகிறது. ஒரு நிரல் மூன்று முழு எண்களை வாங்கிக்கொள்ளும். அவற்றை முக்கோணத்தின் பக்கங்களாகக் கொண்டு, மூன்று பக்கமும் சமமா, இரண்டு சமமா, எதுவும் சமமில்லையா என்று சொல்லும். இதைச் சோதிக்க என்னென்ன எண்களைக் கொடுப்பீர்கள்? பூச்சியம் கொடுத்தீர்களா, எதிர்மறை எண் கொடுத்தீர்களா, ஒன்று, இரண்டு, மூன்று என்று கொடுத்தீர்களா (அது முக்கோணமே ஆகாது, கோடு) என்றெல்லாம் பதினான்கு கேள்வி கேட்டு மதிப்பெண் போடச் சொல்கிறார். தேர்ந்த நிரலாளர்களே சராசரியாக 7.8தான் வாங்குகிறார்கள் என்று அவரே குறிப்பிடுகிறார். எந்த வகுப்பிலும் இதைக் கொடுத்தால் அரை மணி நேரத்தில் தலைக்கனம் இறங்கும். அந்த வகையில் உத்தமமான பயிற்சி.

ஆனால் முக்கோணத்தில் ஒரு சௌகரியம் இருக்கிறது. எது சரி என்று யூக்ளிட் ஏற்கெனவே சொல்லிவிட்டார். நிஜ மென்பொருளில் எது சரி என்று சொல்ல யாரும் இருப்பதில்லை, அல்லது நாலு பேர் நாலு விதமாகச் சொல்வார்கள். எலைன் வேயுக்கர் 1982இல் எழுதிய கட்டுரையின் பொருளே இதுதான்: விடை சரியா என்று தீர்மானிக்க வழியில்லாத நிரல்களை எப்படிச் சோதிப்பது? வகுப்பறைப் பயிற்சிகள் இந்தக் கேள்வியை மாணவரின் கண்ணிலிருந்து மறைத்துவிடுகின்றன. எதிர்பார்த்த விளைவு என்ற கட்டம் அங்கே சுலபமாக நிரம்பிவிடுகிறது. வெளியில் அந்த ஒரு கட்டத்தை நிரப்புவதுதான் முக்கால்வாசி வேலை.

இதை ஆராய்ந்து பார்த்தவரும் உண்டு. செம் கேனர் என்பவர் சோதனைக் கலையின் பெரிய ஆசிரியர்களில் ஒருவர். உளவியலில் முனைவர், சட்டமும் படித்தவர், ஃபுளோரிடா தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியராக இருந்தார். அவரும் அவரிடம் ஆய்வு செய்த சௌம்யா பத்மநாபனும் சேர்ந்து, உள்ளீடுகளைப் பகுதிகளாகப் பிரித்துச் சோதிக்கும் முறையை மாணவர்களுக்கு நிறையப் பயிற்சிகள் கொடுத்துக் கற்பித்தார்கள். பயிற்சியில் பார்த்தது மாதிரியே கேள்வி வந்தபோது மாணவர்கள் நன்றாகச் செய்தார்கள். நிஜ மென்பொருளின் ஒரு வசதியைக் கொடுத்துச் சோதிக்கச் சொன்னபோது கற்றது கைகொடுக்கவில்லை. 2007இல் அந்தத் தோல்வியை மறைக்காமல் கட்டுரையாக வெளியிட்டார்கள். நம் ஊரில் ‘மாதிரி வினாத்தாள்’ பார்த்து வளர்ந்த எவருக்கும் அந்த முடிவு ஆச்சரியம் தராது.

கேனர் வேறு வழியும் வைத்திருந்தார். அவரும் ஜேம்ஸ் பாக்கும் உருவாக்கிய பாடத்தொடரில் ஒரு பகுதி, பிழையை எடுத்துரைப்பது பற்றியது. அதில் மாணவர்கள் ஓப்பன் ஆபிஸ் என்ற திறமூலத் திட்டத்தின் பிழைப் பதிவேட்டைத் திறக்க வேண்டும். உலகெங்கும் இருந்து யார் யாரோ எழுதிப்போட்ட, இன்னும் யாரும் உறுதி செய்யாத புகார்களில் ஒன்றை எடுக்க வேண்டும். அதைத் தன் கணினியில் வரவழைக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். வந்தால் எந்தச் சூழலில் வருகிறது, எந்தப் படியை விட்டாலும் வருகிறது என்று சுருக்கிச் சுருக்கி எழுத வேண்டும். வராவிட்டால் வரவில்லை என்பதையும் மரியாதையாக எழுத வேண்டும்.

நல்ல சோதனையாளர் என்பவர் நிறையப் பிழை கண்டுபிடிப்பவரல்ல, நிறையப் பிழைகள் திருத்தப்படும்படி செய்பவர் என்பது கேனரின் நிலைப்பாடு. கண்டுபிடித்ததை எதிராளி மனம் கோணாமல், அதே நேரம் தட்டிக்கழிக்கவும் முடியாமல் எடுத்துச் சொல்வதுதான் அவருடைய பாடத்தின் மையம். முகம் தெரியாத ஒரு நிரலாளர், ஓய்வு நேரத்தில் கூலி வாங்காமல் வேலை செய்பவர், உங்கள் புகாரைப் படித்துவிட்டுத் தன் மாலைப்பொழுதை அதற்குக் கொடுக்க வேண்டும். அவர் ஏன் அப்படிச் செய்ய வேண்டும் என்று நீங்கள் எழுத்தில் காட்ட வேண்டும். பொறியியல் மாணவருக்குக் கடிதம் எழுதக் கற்றுக்கொடுக்கும் பாடம் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

இதைத் தமிழ்நாட்டு வகுப்பறையில் செய்ய நமக்கென்று ஒரு நல்ல களம் இருக்கிறது. தமிழ் எழுத்து. நிரல் எழுதுவதில் எந்த ஊர்க்காரரும் நம் மாணவரைவிட முன்னால் இருக்கலாம். ஆனால் தமிழ் அகரவரிசை தெரிந்தவர்கள் அவர்களில் அதிகம் பேர் இல்லை. யூனிகோடில் தமிழ் மெய்களின் வரிசை, இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாகப் போட்ட பழைய இஸ்கி அட்டவணையின் வழி வந்தது. அதன்படி நகரத்தை ஒட்டியே றன்னகரம் வந்துவிடும், ரகரத்தை அடுத்து வல்லின றகரம், ழகரத்துக்குப் பின்னால் வகரம். புள்ளி கடைசியில் இருப்பதால் ‘க்’ என்பது ‘கௌ’வுக்கும் பின்னால் போய்விடும். இதைக் கவனிக்காமல் வெறும் குறியெண்ணை வைத்துப் பெயர்ப்பட்டியலை வரிசைப்படுத்தும் செயலியில், நம் பிள்ளைகளில் எவரும் ஐந்து நிமிடத்தில் தவறைப் பார்த்துவிடுவார்கள். எழுதியவருக்கு அது தவறு என்று தெரிய வாய்ப்பே இல்லை.

பெயர் இன்னொரு சுரங்கம். படிவத்தில் கடைசிப் பெயர் கட்டாயம், குறைந்தது இரண்டு எழுத்து என்று கேட்கும். நம்மிடம் இருப்பது ஒரு பெயரும் தலையெழுத்தும். ஒற்றைப் பெயரோடு பாஸ்போர்ட் வைத்திருந்தவர்களுக்கு அமெரிக்க விசாவில் ‘முதற்பெயர் தெரியாது’ என்ற பொருளில் மூன்று ஆங்கில எழுத்து அச்சாகி வருவதும், வெளிநாட்டில் அதுவே அவர்கள் பெயராகிவிடுவதும் நம் குடும்பங்களில் கேட்ட கதைதான். பெயர் என்ற கட்டத்தில் ‘எழுத்துகள் மட்டும்’ என்று விதி வைத்த சில படிவங்கள் ‘மல’ரை ஏற்கத் தயார், ‘மலர்’ என்றால் புள்ளி எழுத்தல்ல என்று தள்ளிவிடும். தமிழில் ஆறு எழுத்துப் பெயர் வைத்திருப்பவர் கணினிக்குப் பத்து எழுத்துக்காரராகத் தெரிவதும், குறுஞ்செய்தியில் ஆங்கிலத்துக்கு 160 இடம் கொடுக்கும் முறை தமிழுக்கு 70 மட்டும் கொடுப்பதும் வேறு.

ஒரு பருவத்தில் என் மாணவர்களுக்குத் தமிழ் மின்னூல் தளம் ஒன்றின் தேடலைக் கொடுத்தேன். தன்னார்வலர்கள் நடத்தும் சின்னத் தளம். அவர்களிடம் முன்பே பேசி ஒப்புதல் வாங்கியிருந்தோம். ஒரு மாணவர் ஔவையார் என்று தேடினார். கொஞ்சம் புத்தகம்தான் வந்தது. பட்டியலைக் கையால் புரட்டிப் பார்த்தால் இன்னும் பல இருந்தன. “தேடல் சரியாக வேலை செய்யவில்லை” என்று ஒற்றை வரியில் புகார் எழுதி அனுப்பிவிட்டார். மறுநாள் பதில் வந்தது: “எனக்கு வேலை செய்கிறதே.”

பிழைப் பதிவேடுகளில் உலகமெங்கும் புழங்கும் பதில் இது. அதற்கென்று தனி முத்திரையே உண்டு. மாணவருக்குச் சுருக்கென்றது. வகுப்பில் யாரும் அதுவரை அவருக்கு அப்படிச் சொன்னதில்லை. மார்க் குறைத்திருப்பார்கள், திட்டியிருப்பார்கள். நீ பார்த்ததை நான் பார்க்கவில்லை என்று சமமான இன்னொருவர் சொன்னதில்லை. அதற்குப் பிறகுதான் அவர் தேட ஆரம்பித்தார். அந்தத் தலைப்புகளை நகலெடுத்து ஒவ்வொரு எழுத்தின் குறியெண்ணையும் எடுத்துப் பார்த்தபோது விஷயம் புரிந்தது. சில புத்தகங்களில் முதலெழுத்து ‘ஔ’ என்ற ஒரே எழுத்து. மற்றவற்றில் ‘ஒ’ அடித்து, பக்கத்தில் ளகரத்தை அடித்திருக்கிறார்கள். பல எழுத்துருக்களில் இரண்டும் கண்ணுக்கு ஒன்று போலத்தான் தெரியும். கணினிக்கு ஒன்று ஔவையார், இன்னொன்று ஒ-ள-வையார். ஸ்ரீயிலும் இப்படி உண்டு: ஸகரத்தை வைத்தும் எழுதலாம், 2005இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தை வைத்தும் எழுதலாம், வடிவம் ஒன்றே.

இரண்டாவது புகாரை அவர் ஒரு பக்கம் எழுதினார். கையோடு தீர்வும் சொன்னார்: ‘ஒள’ வரும் இடத்தையெல்லாம் ‘ஔ’ என்று மாற்றிவிடலாம், ‘கெள’ வந்தால் ‘கௌ’. வகுப்பில் படித்துக் காட்டச் சொன்னேன். பின் வரிசையிலிருந்து ஒரு பெண், “அப்ப ஒளி என்ன ஆகும் சார்?” என்றார். சரி, ளகரத்தோடு உயிர்க்குறியோ புள்ளியோ இருந்தால் விட்டுவிடு, வெறும் ளகரமாக இருந்தால் மட்டும் மாற்று என்று திருத்தினார்கள். எனக்கும் அது போதுமென்றே பட்டது. அப்போது தென்மாவட்டத்து மாணவர் ஒருவர், அதிகம் பேசாதவர், “எங்க ஊர்ல வெளங்காதுன்னுதான் சொல்லுவோம் சார். கதையில அப்படியே எழுதுவாங்க. அதை வௌங்காதுன்னு மாத்திடும்” என்றார்.

அந்த வாக்கியத்துக்கு எந்தப் பாடப்புத்தகத்திலும் யூனிட் கிடையாது. வட்டார வழக்குக் கதைகளைப் படித்திருந்தது அன்று மென்பொருள் சோதனைக்கு ஒரு தகுதியாக ஆனது. வகுப்பு இரண்டாகப் பிரிந்து வாதிட்டது. எழுதியவர் தப்பாக அடித்ததைத் திருத்துவது நம் வேலையா, அல்லது அடித்ததை அடித்தபடி வைத்துவிட்டுத் தேடுகிறவருக்கு உதவுவது நம் வேலையா? சரியான விளைவு எது? நோட்டில் ஒரு கட்டத்தை நிரப்பக் கிடைத்த இடத்தில் அவர்கள் பதிப்பாளர்கள் தலைமுறை தலைமுறையாகப் போடும் சண்டையைப் போட்டார்கள். கடைசியில் தளத்துக்காரர்கள் மூல உரையைத் தொடாமல், தேடும்போது மட்டும் இரண்டு வடிவத்தையும் ஒன்றாகக் கருதும்படி செய்தார்கள். அதுதான் சரியான முடிவு என்று வகுப்பில் எல்லோரும் ஒத்துக்கொள்ளவில்லை. ஒத்துக்கொள்ள வேண்டிய அவசியமும் இல்லை.

நிஜத் திட்டங்களை இப்படிப் புகழ்ந்துகொண்டே போக எனக்கு விருப்பமில்லை. நிஜத்தின் மறுமுனையில் இருப்பவரும் நிஜம். 2020 அக்டோபரில் ஹேக்டோபர்ஃபெஸ்ட் என்ற திறமூல நிகழ்வில், சில பங்களிப்புகள் செய்தால் டி-ஷர்ட் என்று அறிவித்திருந்தார்கள். விளக்கக் கோப்பில் ‘அருமையான திட்டம்’ என்று இரண்டு சொல்லைச் சேர்த்து அனுப்பியும் டி-ஷர்ட் வாங்கலாம் என்று காணொளி பரவியது. திட்டங்களை நடத்துபவர்கள் குப்பையில் மூழ்கினார்கள். விரும்பும் திட்டங்கள் மட்டும் கலந்துகொள்ளலாம் என்று விதியை நடு நிகழ்விலேயே மாற்ற வேண்டி வந்தது. அனுப்பியவர்களில் நம் நாட்டு மாணவர்கள் கணிசம். 2024 தொடக்கத்தில் எக்ஸ்பிரஸ் என்ற புகழ்பெற்ற திட்டத்தின் விளக்கக் கோப்பில் தங்கள் பெயரைச் சேர்க்கச் சொல்லிக் குவிந்தவர்களும் நம்மவர்களே. பாடம் நடத்தியவர் செய்துகாட்டியதைப் பார்த்து அப்படியே செய்தார்கள். பெரும்பாலோருக்கு எதிர்முனையில் ஓர் ஆள் உட்கார்ந்து அதையெல்லாம் படிக்கிறார் என்ற நினைப்பே இல்லை. அவர்களுக்கு அதுவும் ரெக்கார்ட் நோட்டுதான்.

எத்தனை புகார் எழுதினாய் என்று எண்ணி இன்டர்னல் மார்க் போடும் ஆசிரியர், அடுத்த குப்பைமலைக்கு விதை போடுகிறார் என்பேன். ஒரு பருவத்துக்கு ஒரு புகார் போதும். அதை எத்தனை தடவை திருத்தி எழுதினார், எதிர்முனையின் கேள்விக்கு என்ன பதில் சொன்னார் என்று பார்த்து மதிப்பெண் கொடுக்கலாம். கல்லூரியின் மதிப்பீட்டுக் குழு காரணம் கேட்கும், விளக்க வேண்டிவரும். அனுமதியும் அதே அளவு முக்கியம். ஆர்வக்கோளாறில் ஏதாவது அரசுத் தளத்தையோ வங்கித் தளத்தையோ நோண்டிப் பார்க்கும் மாணவர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் இருப்பார்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66ஆம் பிரிவுகளில் அனுமதியில்லாத அணுகலுக்கு மூன்றாண்டு வரை சிறையோ ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்க இடமிருக்கிறது என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். நல்ல நோக்கத்தோடு செய்தேன் என்பது காவல் நிலையத்தில் எடுபடும் வாதமல்ல.

இவ்வளவு பாடுபட்டுக் கற்ற மாணவர் வேலைக்குப் போனதும் வீட்டில் என்ன சொல்கிறார்? “டெவலப்மென்ட் கிடைக்கல. டெஸ்டிங்ல போட்டுட்டாங்க.” பழைய மகாபலிபுரம் சாலையின் கண்ணாடிக் கட்டடங்களில் இந்த வாக்கியத்தைக் கேட்காமல் ஒரு மதிய உணவு நேரம் கழிவதில்லை. சோதனையாளரை இரண்டாந்தரமாகப் பார்க்கும் பழக்கம் தொழிலில் புகுந்ததற்கு நிறுவனங்களின் சம்பளப் பட்டியல் ஒரு காரணம். நாம் கல்லூரியில் அதைச் சொல்லிக்கொடுத்த விதம் இன்னொரு காரணம். கட்டம் நிரப்பும் வேலை என்று கற்பித்தால் கட்டம் நிரப்பும் வேலைக்குரிய மரியாதைதான் கிடைக்கும். அந்தக் கட்டங்களை இப்போது செயற்கை நுண்ணறிவு நொடியில் நிரப்பிவிடுகிறது. ஏடிஎம்முக்கு இருநூறு டெஸ்ட் கேஸ் வேண்டுமென்றாலும் தரும், எல்லாவற்றிலும் ‘பாஸ்’ போட்டும் தரும். அதனால் எந்த நஷ்டமும் இல்லை. வெளங்காது என்று எங்கள் ஊரில் எழுதுவோம் என்று எழுந்து சொன்னவரின் வேலை அப்படியே மிச்சமிருக்கிறது.

அடுத்த பருவத்தில் இந்தப் பாடத்தை எடுக்கப்போகிற ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். வெளியே போக முடியாவிட்டால் பரவாயில்லை, உங்கள் கல்லூரியிலேயே மென்பொருள் இருக்கிறது: வருகைப்பதிவு, இன்டர்னல் மார்க் பதிவு, பஸ் பாஸ், விடுதிக் கட்டணம். முதல்வரிடம் எழுத்தில் அனுமதி வாங்கி, நிஜத் தரவைத் தொடாத நகல் ஒன்றை வைத்து, மாணவர்கள் கையில் கொடுங்கள். முதல் வாரத்திலேயே கொடுங்கள். முறைகளையெல்லாம் நடத்தி முடித்துவிட்டுக் கொடுக்காதீர்கள், அதற்குள் அவர்கள் கை பழகிவிடும். அவர்கள் எழுதித் தருவதை அந்த மென்பொருளை எழுதியவர் மேசைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது உங்கள் பொறுப்பு. அவர் பதில் எழுதுகிறாரா என்று பாருங்கள். எழுதவில்லையென்றால் நினைவூட்டுங்கள். ஏடிஎம்முக்கு டெஸ்ட் கேஸ் எழுதச் சொல்வதை மட்டும் தயவுசெய்து இத்தோடு நிறுத்திவிடுங்கள்.